எட்டு மணிக்குத் தட்டும் வாள்

என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தாபோடி ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்ட என் சேகர் அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் வாங்கிக்கொண்ட சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொல்லவே கூடாது என்றாயோ, அந்த வைஷாலியிடமே சொன்னேன். கோபம் இருந்தால் வந்து திட்டிவிட்டுப் போ. செத்தவர்கள் வருவார்களா என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், போய் வேலையைப் பாரு என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஊர்ச் செய்தியைக் கேள். நம் கட்டடத்துக்கு எதிரே மூன்று ரோடு சேருகிற இடத்துக்கு உன் பேரை வைக்கப் போகிறார்கள். 'கமாண்டர் தனசேகரன் சௌக்.' கருங்கல்லில் போர்டு, பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் உன் வாள். வடாபாவ் கடைக்காரர் இப்போதே தன் விலாசத்தில் அந்தப் பேரைச் சேர்த்துவிட்டார். குடியாத்தத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்து ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நம் அப்பா இதைப் பார்த்திருந்தால், அந்தப் போர்டுக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

விழா மலருக்கு நான் எழுத வேண்டும் என்று நம் வார்டு கவுன்சிலர் பாவு வீடு தேடி வந்தார். அன்றைக்கு உன் கையில் வாளைக் கொடுத்தாரே, அதே பாவுதான். வார்டில் இன்னும் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கை எழுதினால் நன்றாக இருக்கும், தமிழிலேயே எழுதுங்கள், நல்லதாக இரண்டு பக்கம் போதும் என்றார். நல்லதாக என்றால் எப்படி அண்ணா எழுதுவது? முப்பத்து மூன்று வருஷம் அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்தவள் நான். அளவு பார்க்கிற கேஜ் உள்ளே போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். இரண்டுக்கும் நடுவில் எழுத எனக்குத் தெரியாது.

படிக்கிறவர்களுக்காக நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். உன் கடற்படைக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. இன்ஜின் அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆறு மாலுமிகளை நீ ஒவ்வொருத்தராக வெளியே இழுத்துப் போட்டாய். ஏழாவது ஆள் வரவில்லை. கதவை மூடி, உள்ளே வாயுவைத் திறந்துவிட்டுத் தீயை அணைத்தீர்கள். கப்பலும் தப்பியது, அதில் இருந்தவர்களும் தப்பினார்கள். வராமல் போனவர் பெயர் ராம்தாஸ், சாத்தாரா பக்கத்துக்காரர். அவர் மகள்தான் வைஷாலி. அப்போது அவளுக்கு நாலு வயசு.

அடுத்த மாதம் நீ லீவில் வந்தபோது ஊர் கூடி மரியாதை செய்தார்கள். நாகரி சத்கார் என்பார்கள் இங்கே. திறந்த ஜீப், டோல் தாஷா மேளம், தலைக்கு ஃபேட்டா என்கிற காவித் தலைப்பாகை, சால்வை, தேங்காய். கடைசியில் அந்த வாள். பித்தளைப் பிடி, சிவப்பு வெல்வெட் உறை, பிடிக்குக் கீழே உன் பேர் வெட்டியிருந்தது. கூர் கிடையாது. மரியாதைக்குக் கொடுக்கிற வாளுக்குக் கூர் வைப்பதில்லை என்று அப்பா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

உருவித் தூக்கிக் காட்டுங்கள் என்று பாவு சொன்னார். நீ தூக்கினாய். மைதானமே கத்தியது, அப்பா அழுதார். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ உடனே அதைக் கீழே இறக்கிவிட்டதைப் பார்த்தேன். வாள் கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்ன புத்தி பார் எனக்கு.

என் வீட்டுக்காரர் போன பிறகு, கல்யாணமே வேண்டாம் என்று இருந்த நீ ரிட்டயராகி என்னோடு வந்தாய். ஒன்பது வருஷம் இந்த இரண்டு அறை வீட்டில் நீயும் நானும். வாளை டிவிக்கு மேலே சுவரில் மாட்டினது நான்தான். நீ அதைத் துடைத்ததே இல்லை. ஆயுத பூஜைக்கு அப்பாவின் சுத்தியல், ரம்பம், என் பழைய கேஜ் எல்லாவற்றுக்கும் நீ பொட்டு வைப்பாய். வாளுக்கு மட்டும் என்னை வைக்கச் சொல்வாய்.

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் மூன்று தரம் தட்டுவாய். மேஜையில் தட்டுவாய், காபி தம்ளரில் தட்டுவாய், ஒன்றும் கிடைக்காவிட்டால் உன் முழங்காலில். டொக், டொக், டொக். "இன்னாத்துக்கு தெனம் இப்படி தட்டற, வாத்தியாராட்டம்?" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். நீ சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வாய்.

தீபாவளிக்குத் தீபாவளி ஹடப்சர் போவோம். ராம்தாஸ் மனைவி இருந்தவரை அவளைப் பார்க்க, அப்புறம் வைஷாலியைப் பார்க்க. அவள் உன்னைக் காகா என்பாள், என்னை ஆத்யா என்பாள். சித்தப்பா, அத்தை. ரத்த சம்பந்தம் இல்லாதவளுக்கு அவ்வளவு உரிமை. நீ அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டே வருவாய்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்தான் அது ஏன் என்று தெரிந்தது. மத்தியானம், வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

"காலைல எட்டு மணி. கதவ மூடினப்புறம் சத்தம் கேட்டுச்சு மீனா. உள்ளேர்ந்து. கதவுல காத வச்சிருந்த எனக்கு மட்டும். ஸ்பேனரால தட்டினான். மொதல்ல வேகமா. அப்புறம் மெதுவா. கடைசில மூணு, கொஞ்சம் சும்மா இருப்பான், மறுபடியும் மூணு. பதினோரு நிமிஷம்."

திறந்திருந்தால் வெடிமருந்து அறை வரைக்கும் தீ போயிருக்கும், ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம் என்றாய். அது எனக்குப் புரிந்தது. யாருக்கும் புரியும். நீ அழுதது அதற்கு இல்லை.

"விசாரணையில, சத்தம் எதுவும் வரலன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுகூடப் போவுது. பதிலுக்கு நான் ஒரு தட்டு தட்டியிருக்கலாம் மீனா. நான் இங்கதான்டா நிக்கறேன்னு. தட்டினா உள்ள ஆள் உசிரோட இருக்கான்னு பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்னு கைய மடக்கி வச்சிக்கினேன்."

அப்புறம் என் கையைப் பிடித்து, வைஷாலிக்குத் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கினாய். நான் செய்தேன். சாகப் போகிறவன் கேட்டால் எவள் மாட்டேன் என்பாள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ரயிலேறினார்கள். மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். சங்கு ஊதி ஓய்ந்தது. ஹாலில் தட்டுகிற சத்தம். மூன்று. பழக்கத்தில் நான் "காபி ஆவுது, இரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் நான் மட்டும் இருப்பது ஞாபகம் வந்தது.

பயந்து ஓடுகிற ஆள் நான் இல்லை, உனக்குத் தெரியும். சத்தம் வந்தது வாள் இருந்த சுவரிலிருந்து. மரச்சட்டத்தில் வெல்வெட் உறைக்குள் இருக்கிற வாள். ஆனால் காதில் விழுந்தது இரும்பில் இரும்பு படுகிற சத்தம். லோனாவ்ளா லோக்கல் ரயில் போகிற நேரத்தைக் குறித்தேன், எட்டுக்கு எதுவும் இல்லை. மாடி வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். வாள் நுனிக்கு நேரே சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. தட்டுவது மட்டும் தினம் தவறவில்லை.

அப்போதுதான் உன் பழக்கத்தின் அர்த்தம் எனக்கு உறைத்தது. மேஜையில், தம்ளரில், முழங்காலில். நீ சும்மா தட்டவில்லை அண்ணா. இத்தனை வருஷமும் உனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீ பதில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். பதில் சொல்கிற ஆள் போனதும் அது என் காதுக்கு வந்துவிட்டது.

நானும் பதிலுக்குத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. தட்டினால் நிஜம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். மாசக்கணக்கில் அப்படியே இருந்தேன். எட்டு மணி ஆனால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

பாவு வந்து வாளைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. தொழிற்சாலையில் சரக்கு அனுப்புகிற மாதிரியே கட்டினேன். உறையைக் கழற்றி வாளுக்கு கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் துணி அடைத்து, எட்டு ஸ்க்ரூ போட்டு மூடினேன். தூக்கிக் குலுக்கினேன், கொஞ்சமும் ஆடவில்லை. பெட்டி மேலே சாக்பீஸால் 'பாஸ்' என்று எழுதினேன். கைப்பழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சங்கு ஓய்ந்ததும் பெட்டிக்குள் தட்ட ஆரம்பித்தது. மூன்று இல்லை. வேகமாக, எண்ண முடியாமல், விடாமல். நான் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை மெதுவாக வந்தது. இந்த வரிசையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், உன் வாயால். நாளைக்கு மூன்று வரும், கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடியும் மூன்று வரும். அப்புறம் ஒன்றும் வராது. நானும் கதவை மூடிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவும் தீயே இல்லாத வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வைஷாலி வந்துவிட்டாள். விழா மேடையில் அவள்தான் மாலை போட்டுப் பேச வேண்டும் என்று பாவு கேட்டிருந்தார். எழுதி வந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். என் அப்பாவைக் காப்பாற்றக் காகா கடைசி நொடி வரை போராடினார் என்று மராத்தியில் அழகாக எழுதியிருந்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. ஆனாலும் எட்டு ஆயிற்று.

அவள் படிப்பதை நிறுத்தினாள். இந்தியில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஆத்யா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். படிக்கட்டு வரை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவைத் திறந்தபடி விட்டுத் திரும்பினாள். மறுபடியும் மூன்று. இந்தத் தடவை அவள் நேராகத் தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். கேட்பது எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை.

"உள்ள யாரு?" என்று கேட்டாள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லாமல் ஸ்க்ரூவைப் பார்த்துச் சொன்னேன். ஸ்பேனர், பதினோரு நிமிஷம், நீ எழுதிக்கொடுத்தது, நீ மடக்கி வைத்துக்கொண்ட கை. எட்டாவது ஸ்க்ரூ கழன்றபோது சொல்லவும் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் அழவில்லை. அப்பா வலி தெரியாமல் உடனே போய்விட்டார் என்று அம்மாவை நம்ப வைத்தார்களே என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"வருஷா வருஷம் எங்க வீட்ல உக்காந்து சக்லி முறுக்கு சாப்ட்டாரே ஆத்யா. அந்தக் கையாலதானே என் தலையத் தொட்டார்."

உனக்காக நான் என்ன சொல்ல முடியும்? மன்னித்துவிடு என்று கேட்க நான் யார்? பெட்டியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

அவள் மெழுகுத்தாளைப் பிரித்து வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சுடிதாரெல்லாம் கிரீஸ். குழந்தையின் முதுகில் வைப்பது போல அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். "பாபா, தார் உகடம் ஆஹே" என்றாள். அப்பா, கதவு திறந்திருக்கு. அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் இருவரும் அந்தத் திறந்த கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டுக்காரி வந்து யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை சங்கு ஊதி ஓய்ந்தது. வீட்டில் சத்தமே இல்லை. எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது.

இனி அந்த சௌக் விஷயம். அவள் வேண்டாம் என்றிருந்தால் பாவுவின் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். ஆறு பேர் வீட்டில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது, அது பொய் இல்லை, பேரை வைக்கட்டும், ஆனால் பொய் சொல்லி வைக்க வேண்டாம் என்றாள். கல்லில் ராம்தாஸ் பேரும் இருக்க வேண்டும். வாளைப் பூட்டிய பெட்டியில் வைக்கக் கூடாது. அது இப்போது ஹடப்சரில் அவள் வீட்டில் இருக்கிறது, கதவு இல்லாத அலமாரியில். வாள் இல்லாமல் என்ன விழா என்று பாவு குதித்தார், கடைசியில் உன் போட்டோவை வைத்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தார். கல்லில் இரண்டாவது பேருக்கும் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் கேட்ட மாதிரி நல்லதாக எழுதவில்லை, நடந்ததை எழுதியிருக்கிறேன் என்றேன். தமிழில்தானே இருக்கிறது, இங்கே யார் படிக்கப் போகிறார்கள், போடுங்கள் என்றுவிட்டார். நம் பிள்ளைகளே எழுத்துக் கூட்டித்தானே படிக்கிறார்கள், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் இந்தியில் சொல்லச் சொல்ல வைஷாலி இதை வரி வரியாக மராத்தியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முன்னே எழுதிய பேச்சைக் கிழித்துவிட்டாள். மேடையில் இதைத்தான் படிக்கப் போகிறாள்.

உனக்கு இருந்த மரியாதை இதனால் போய்விடுமா அண்ணா? கொஞ்சம் போகும். எனக்கு அது வலிக்கிறது, மறைக்கவில்லை. ராத்தூக்கம் கெட்டு நீ பட்டது போதும் என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. எது சரி என்று நீதான் சொல்ல வேண்டும், நீயோ இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டேன். அதையும் சொல்லிவிட்டே முடிக்கிறேன். இன்று காலை எட்டு மணிக்கு மறுபடியும் தட்டுகிற சத்தம் கேட்டது. வாள் வீட்டில் இல்லை. வாசல் கதவை இப்போதெல்லாம் நான் காலையில் திறந்தே வைக்கிறேன். அந்தத் திறந்த கதவில் யாரோ தட்டினார்கள். இரும்புச் சத்தம் இல்லை. விரல் முட்டியால், மரத்தில், மெதுவாக. மூன்று.

திறந்திருக்கிற கதவைத் தட்டுவது யார்? உள்ளே வர வெட்கப்படுகிறவர்தானே. இத்தனை மாசமாக வாளில் தட்டியது ராம்தாஸ் மட்டும்தானா, பக்கத்தில் நீயும் இருந்தாயா?

நான் இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை. போய் நிலைப்படியில் மூன்று தரம் தட்டினேன். வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மிதியடி மேல் யாரும் இல்லை. ஆனால் அங்கே நின்றவர் நகர்ந்து போனதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தீபாவளிக்கு நாம் ஹடப்சர் போகவில்லை, வைஷாலி இங்கே வருகிறாள். காகாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அவள் கேட்கப் போவதில்லை. ஏன் பதிலுக்குத் தட்டவில்லை என்றுதான் கேட்பாள். அதற்கு உன் சார்பில் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து வைத்து, அவளுக்கு எதிரே உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பேன். இது இந்தத் தடவை நான் உனக்குச் செய்கிற சத்தியம், இதை உடைக்க மாட்டேன். உள்ளே வா அண்ணா. வந்து அவளிடம் நீயே சொல்.

வாசலையே பார்த்தபடி,
உன் தங்கச்சி மீனா